இடப்பக்கம் திருகினால் இறுகும்

என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. நாம் சிறுவர்களாக இருந்த காலத்துத் தச்சர்களின் கால்களை நீங்கள் கவனித்ததுண்டா? வேலை செய்யும்போது எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள். நான் காலைப் பார்த்தேன். தரையில் ஒரு துண்டுப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, இழைக்கவேண்டிய மரத்தை இரண்டு பாதங்களுக்கும் நடுவே செருகிக்கொள்வார்கள். பெருவிரலும் அடுத்த விரலும் கிடுக்கி மாதிரி மரத்தின் விளிம்பைக் கவ்வும். இழைப்புளி முன்னும் பின்னும் போய்வர, மரம் அசையாமல் கிடக்கும்.

எங்கள் மாமாவின் கால்விரல்கள் அப்படிப்பட்டவை. கீழே விழுந்த ஆணியைக் குனியாமல் காலால் எடுத்துக் கைக்குக் கொடுத்துக்கொள்வார். அதைப் பார்த்துப் பழகி, நானும் பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சியைக் காலால் எடுக்கப் போய் வாத்தியாரிடம் அடி வாங்கினேன்.

தேவிகுளத்துக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை பார்த்தது. அப்பா அங்கே தச்சுக் கொட்டகைக்கு மேஸ்திரி. அம்மாவின் தம்பியான மாமா அவருக்குக் கீழே வேலை செய்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கோடி வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான், மாமா என்று ஐந்து பேர் இருந்தோம். மாமாவுக்குத்தான் அக்கா என்பது அக்கா பிறந்த அன்றே பேசி முடித்த சம்பந்தம். நான் சொல்லும் வருஷத்தில் அக்காவுக்குப் பதினெட்டு. அந்தக் காலத்துக் கணக்குப்படி அவள் ஏற்கெனவே தாமதம்.

ஆடி மழையில் நனைந்த ஒரு தூணை மாமா வாய்ச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தார். வாய்ச்சி தெரியுமல்லவா, மண்வெட்டி போல நம் பக்கமாக வெட்டி இழுக்கும் கருவி. ஈர மரத்தில் அது வழுக்கியது. வலது காலின் பெருவிரலும் அதை ஒட்டிய விரலும் போய்விட்டன. அம்மா அலறினாள். அக்காதான் ஓடிப்போய்த் தாவணியைக் கிழித்துக் கட்டினாள். மருந்துக் கொட்டகையில் கம்பவுண்டர் புண்ணை ஆற்றிவிட்டார். ஆனால் அந்தக் கால் இனி எதையும் பிடிக்காது.

மாமா கொட்டகைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தார். மரத்தைப் பாதங்களுக்கு நடுவே வைத்து இழைப்புளியைத் தள்ளினால் மரமும் சேர்ந்து போனது. ஒரு முழு நாள் அந்த மரத்தோடு மல்லுக்கட்டினார். மற்றத் தச்சர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அதுதான் இன்னும் கொடுமை.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "மாப்ள, மனசுல வச்சுக்காத. கையில கொறை இருந்தாக்கூடச் சமாளிக்கலாம். பிடிக்கக் காலில்லாம என்னத்த இழைப்பே?"

"பாப்போம் அத்தான்."

"சோறு போடுறதப் பத்தி இல்ல. நீ எப்பவும் இங்கிட்டே இருக்கலாம். பொண்ணைக் குடுக்கிறதுன்னா வேற பேச்சு. அடுத்த மழைக்குள்ள ஒரு தச்சன் செய்யற வேலைய முழுசா நீ செஞ்சு காட்டணும். இல்லன்னா துரைட்ட நானே சொல்லிருவேன். போடிக்கு இறங்கிப் போயி வேற பொழப்பு பாத்துக்க. பொண்ணுக்கும் வேற எடம் பாக்கணும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா தலையாட்டினார். அக்கா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டு நிரம்பி வழிந்தது. நான் கத்தினேன். "தின்னுற புள்ளக்கி ஊத்துனா கத்துறான்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

எங்கள் தோட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ரோப்பு ஸ்டேஷன் இருந்தது. மலை உச்சியிலிருந்து கீழே சமவெளி வரைக்கும் இரும்புக் கயிறு கட்டி, அதில் தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு இறக்குவார்கள். அந்தக் கயிற்றைத் தாங்கும் கோபுரங்களுக்கு வேண்டிய இரும்பு வேலையெல்லாம் செய்ய அங்கே ஒரு மலையாளக் கொல்லர் இருந்தார். மாமாவின் சிநேகிதர். ஒரு நாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு நொண்டி நொண்டி அங்கே போனார். கொல்லர் தம் மேசையில் பொருத்தியிருந்த வைஸ் என்ற இரும்புத் தாடைப் பிடியில் ஒரு குழாயை இறுக்கி அறுத்துக்கொண்டிருந்தார். மாமா அந்த வைசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது மரத்தைப் பிடிக்காதா?"

கொல்லர் சிரித்தார். "இரும்பு வாயி, மரத்தைக் கடிச்சு முறிச்சிரும். மரத்துக்கு மர வாயி வேணும். கொச்சியில கப்பல் பணி செய்யற ஆசாரிமாரு பெரிய பெஞ்சு போட்டு, அதுல மர வைசு வெச்சு, நின்னுகொண்டு பணி செய்யும். ஞான் கண்டிருக்கு."

"நின்னுக்கிட்டா?"

"நின்னுகொண்டு தன்னெ. கால்கொண்டு அவங்களுக்கு ஒரு காரியமுமில்லா."

மாமா என் தோளைப் பிடித்தார். 

மரத்துக்குப் பஞ்சமில்லை. பெட்டி ஏற்றும் மேடைக்கு அறுத்த நாங்கு மரப் பலகைகளில் மிஞ்சியவை ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடந்தன. நாங்கு கோடாலி வாயை மடக்கும் மரம். பல மழையையும் வெயிலையும் பார்த்துக் காய்ந்துபோன பலகைகள் அவை, இனிமேல் நெளியாது என்று மாமா தட்டிப் பார்த்துச் சொன்னார். தட்டினால் வெண்கலப் பானையின் சத்தம் வந்தது. ஸ்டேஷன் மேலாளர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

வைசுக்கு வேண்டிய திருகுதான் கிடைக்கவில்லை. கடைசியில் கொல்லர் புல்லுக்குள்ளிருந்து ஒன்றை இழுத்துவந்தார். பழைய கோபுரம் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்த கம்பியை முறுக்கும் கருவி அது. நீளமான ஓர் இரும்புச் சட்டம், அதன் இரண்டு முனையிலும் மரை வெட்டிய துளை. ஒவ்வொரு துளைக்குள்ளும் என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு திருகு நுழைந்திருந்தது. சட்டத்தைச் சுற்றினால் இரண்டு திருகுகளும் ஒரே சமயத்தில் உள்ளே வரும், கம்பி இறுகும். "இந்தச் சட்டத்தை நடுவுல முறிச்சா ரெண்டு வைசுக்கு ஆச்சு" என்றார் கொல்லர். முறித்தும் கொடுத்தார். சம்பளமாக, வேலை முடிந்ததும் தம் மகளுக்கு ஒரு தொட்டில் செய்து தரவேண்டும் என்றார்.

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பெஞ்சு செய்ய வேண்டுமென்றால் மரத்தை இழைக்க வேண்டும். இழைக்க வேண்டுமென்றால் மரத்தைப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்காகத்தானே பெஞ்சே? மாமா யோசித்தார். பலகையை லயத்துச் சுவரோடு முட்டக்கொடுத்துத் தரையில் போட்டு, ஒரு முனையில் என்னையும் மறுமுனையில் அக்காவையும் உட்காரவைத்தார். நாங்கள்தான் முதல் வைஸ். அவர் எங்களுக்கு நடுவில் மண்டியிட்டு இழைத்தார். ஒவ்வொரு தள்ளுக்கும் பலகை என் பிட்டத்தின் கீழ் சிலிர்த்தது. நாங்கு மரத்தின் சீவல் சுருண்டு சுருண்டு வராது, பொடிப்பொடியாகத் தெறிக்கும். அதற்கு ஒரு வாசனை, காய்ச்சிய நெய்யில் மிளகு போட்ட மாதிரி. அக்காவின் தலைமுடியெல்லாம் செம்பொடி.

"ஆடாதடா" என்பாள் அக்கா.

"நான் ஆடல. நீதான் கனம் இல்லாம இருக்க."

"மருமகனே, உங்கக்காவ நல்லாத் தின்னச் சொல்லு" என்றார் மாமா. அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

கால்கள் பொருத்துவதில் மாமா ஒரு தவறு செய்தார். பெஞ்சை முழங்கால் உயரத்துக்குச் செய்துவிட்டார். வேறெப்படிச் செய்வார்? மரத்தை அந்த உயரத்துக்கு மேலே வைத்து யாரும் வேலை செய்ததை அவரோ அவர் அப்பனோ பார்த்ததில்லை. தன்னை அறியாமலே கையைத் தாழ இறக்கி அளந்திருக்கிறார். செய்து முடித்து நிமிர்த்தி வைத்ததும் அம்மா, "கட்டிலு நல்லாத்தான் இருக்கு, கயிறு எப்பப் போடுவே?" என்று கேட்டாள். அப்பா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டு வேல செய்யறதுக்குன்னு சொன்ன?"

"ஆமா அத்தான்."

"குனிஞ்சுக்கிட்டுன்னு சொல்லு. நாத்து நடலாம்."

மாமா மறுபடியும் நான்கு கால்களை வெட்டினார். இந்தத் தடவை நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கை எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து அளவு எடுத்தார். குச்சியைப் பிடித்தது அக்கா. வெட்டுப்பட்ட காலை ஊன்றினால் ஓர் உயரம், ஊன்றாவிட்டால் ஓர் உயரம் என்று வந்தது. "எந்தக் கால்ல நிக்கப் போறீகளோ அந்தக் கால்ல நில்லுங்க" என்றாள் அக்கா. அதுதான் சரியான யோசனை. மாமா நல்ல காலில் நின்றார்.

மேல்பலகையில் வரிசையாகச் சதுரத் துளைகள் போட்டார் மாமா. அதைப் பார்க்க லயமே வந்தது. துளைகள் எதற்கு என்பது பற்றி ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம். பால்காரர், மழைத் தண்ணீர் வடிய என்றார். பக்கத்து வீட்டு அம்மாள், ஆணி போட்டு வைக்க என்றாள். நானும் மற்றப் பிள்ளைகளும் புளியங்கொட்டை எடுத்துவந்து அதில் பல்லாங்குழி ஆடினோம். கொட்டைகள் துளை வழியாகக் கீழே விழுந்தன. நான் கீழே படுத்துப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். துளையில் ஒரு முளையைச் செருகி, கோடியில் உள்ள வைசில் இன்னொரு முளையை வைத்து இறுக்கினால் பலகை இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும் என்பதை வைசுகளை மாட்டியபின் மாமா செய்து காட்டியபோது, ஆடு பிடித்துக் கட்டியதைப் பார்ப்பது போல எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

அந்தக் கோடி வைசில்தான் விஷயம் இருக்கிறது.

முன்பக்க வைசை மாமாவும் கொல்லரும் முதலில் மாட்டினார்கள். பிடியை வலப்பக்கம் சுற்றினால் மரத்தாடை உள்ளே வந்து பலகையைக் கவ்வியது. இடப்பக்கம் சுற்றினால் விட்டது. பிறகு கோடி வைஸ். நான் ஆசையாகப் போய்ப் பிடியை வலப்பக்கம் சுற்றினேன். தாடை வெளியே போனது. இன்னும் சுற்றினேன். இன்னும் வெளியே போனது.

"மாமா, இது எதுக்கப் போகுது!"

கொல்லர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ, ஞான் மறந்நு போயி! சட்டத்தை ஒரு பக்கம் சுத்துனா ரெண்டு திருகும் உள்ள வரணுமெங்கில், ஒண்ணு வலத்தோட்டு, மத்தது இடத்தோட்டுல்லே வெட்டியிருக்கும்!"

நான் அந்த இரண்டு திருகுகளையும் கழற்றவைத்து விரலால் தடவிப் பார்த்தேன். உண்மைதான். ஒன்றில் மரைகள் இப்படிச் சரிந்தன, மற்றதில் அப்படி. கண்ணாடியில் பார்த்த மாதிரி. என் வாழ்க்கையில் எனக்குக் கணக்குப் பிடித்துப்போன நாள் அதுவென்று நினைக்கிறேன்.

"இறுகுதுல்ல?" என்றார் மாமா.

"இறுகும்" என்றார் கொல்லர்.

"மதி" என்று, போதும் என்பதைக் கொல்லரின் பாஷையிலேயே சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார்.

அப்பா வைத்த பரீட்சை, தேயிலை வாட்டும் அறைக்கு ஒரு ஜன்னல் சட்டம். மாமா அதை நின்றபடி செய்தார். கொட்டகைத் தச்சர்கள் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். "என்னப்பா, கும்பிடவா நிக்கிறே?" என்று ஒருவர் கேட்டார். "உன்னைத்தான் கும்பிடணும், கொஞ்சம் அந்த உளிய எடு" என்றார் மாமா. சட்டம் முடிந்ததும் அப்பா மூலைமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். இடுக்கில் ஒளி தெரியவில்லை. மறுபடியும் வைத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எங்க அக்காவுக்குச் சொல்லி அனுப்பு. தேதி பாக்கணும்" என்றார்.

அம்மா சாமி மாடத்துக்கு ஓடினாள். நான் குதித்தேன். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, போடியிலிருந்து மலையேறி வந்தாள். பாதி வழி நடந்தும் பாதி வழி மட்டக்குதிரையிலுமாக வந்தவள், வந்தவுடன் குதிரையைத்தான் திட்டினாள். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவும் அத்தை சொல்லாமல் நடக்காது. மாமா கல்யாணத்துக்காகப் பலா மரத்தில் மணப்பலகை செய்திருந்தார். மணமக்கள் இருவரும் உட்காரும் பலகை அது. பெஞ்சில் செய்த முதல் மங்கலப் பொருள். அத்தை அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "மழுமழுன்னுல்ல இருக்கு. பொண்ணு கன்னமாட்டம்."

"வாங்கத்தே, எப்படிச் செஞ்சாகன்னு காட்டுறேன்" என்று அக்கா அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். கொட்டகையில் அப்பாவும் மாமாவும் இருந்தார்கள். அக்கா அத்தையைக் கோடி வைசுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இந்தப் பிடியத் திருகிப் பாருங்கத்தே."

அத்தை வலப்பக்கம் திருகினாள். "பிடிக்க மாட்டேங்குதே?"

"அங்கிட்டு இல்லத்தே. இங்கிட்டு. இது இடப்பக்கம் சுத்துனாத்தான் இறுகும்."

அத்தை கையை எடுத்துவிட்டாள், சுட்ட மாதிரி. "இடஞ்சுத்தா?"

"ஆமாத்தே."

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலை வலமாகச் சுற்றுகிறோம். அரசமரத்தை வலமாக. கொள்ளிக்குடத்தோடு பிணத்தைத்தான் இடமாகச் சுற்றுவது.

"மணப்பலகைய இதுல வச்சா செஞ்ச?" அத்தை மாமாவைப் பார்த்துக் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. மாமா தலையசைத்தார்.

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"இறுகுச்சு. அதான்..."

"மசானத்துச் சுத்தைச் சுத்தி என் தம்பி மகளுக்கு மணை செஞ்சிருக்கான். தம்பி, இந்தப் பொண்ணை இவனுக்குக் குடுக்காத. நம்ம கொலசாமி காமாச்சியே காட்டிக் குடுத்திருக்கா. வேற பலகை செஞ்சாலும் செஞ்சது செஞ்சதுதான்."

அப்பாவுக்கு மாமா நின்று வேலை செய்ததில் இன்னும் முழுச் சம்மதம் வந்திருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். "சரிக்கா" என்று உடனே சொல்லிவிட்டார். அம்மா செய்தி கேட்டு ஓடிவந்து, தம்பியின் வாழ்க்கை போச்சே என்று கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதாள். மாமா இழைப்புளியின் அலகைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அமைதியாக இருந்தது. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. வைசுகளின் மரைகளுக்கு விளக்கெண்ணெய் போடுவது என் வேலை. அதற்காகப் பெஞ்சுக்கு அடியில் மல்லாந்து படுப்பேன். மாமா பிடியைத் திருகுவார், திருகின் மறுமுனை என் முகத்துக்கு நேரே சுழன்று வரும். அங்கேயிருந்து பார்த்தால் கோடி வைஸ் இறுகும்போது வலப்பக்கம்தான் சுற்றும். பிடி இருக்கும் பக்கம் நின்று பார்த்தால் இடம், திருகு முடியும் பக்கமிருந்து பார்த்தால் வலம். இதை நானாகவே கண்டுபிடித்து, யாரிடமாவது சொல்லச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு கத்தினேன்: "அத்தே! இங்க வாங்க! இங்கருந்து பாருங்க! வலமாத்தான் சுத்துது!"

"என்னடா உளறுறான்?"

"நெசமாத்தே! குனிஞ்சு பாருங்க! மாமா, இறுக்குங்க!"

அத்தைக்கு உடம்பு கொஞ்சம் பெரியது, முழங்காலும் மடங்காது. ஒரு கையால் அப்பாவின் தோளையும் மறுகையால் பெஞ்சின் காலையும் பிடித்து, "ஆத்தா, ஆத்தா" என்று முனகிக்கொண்டே இறங்கிப் பெஞ்சுக்கடியில் தலையை விட்டாள். மாமா அசையவில்லை. அப்பாதான் போய்ப் பிடியைப் பிடித்து இறுக்கும் பக்கமாகத் திருகினார். அத்தை பார்த்தாள். மறுபடியும் திருகச் சொன்னாள். தன் வலது கையை நீட்டிக் காற்றில் ஒரு வட்டம் போட்டுச் சரிபார்த்துக்கொண்டாள்.

"அட, ஆமால்ல!"

வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னதை நான் என்றைக்கும் மறக்கவில்லை. "நாமதான வெளிய நின்னு பாக்கிறோம்? காமாச்சி மரத்துக்குள்ள உக்காந்துல்ல பாக்கிறா. அவளுக்கு வலமாத்தான் தெரிஞ்சிருக்கு. தம்பி, கல்யாணத்த நடத்து."

அம்மா என்னை வாரி அணைத்துக்கொண்டாள். அப்பா முதன்முறையாக என் தலையில் கை வைத்தார். கொட்டகைத் தச்சர்கள் ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்து, "நல்லாத்தான் கண்டுபிடிச்சே மருமகனே" என்றார். அக்கா கிட்டே வந்து என் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "பெரிய கெட்டிக்காரன்டா நீ" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைத் தோழனாக என்னை மாமாவின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு ஏலப்பாறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மாமாவுக்கு நல்ல வேலை கிடைத்து இருவரும் போனார்கள். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது எங்களிடமே இருந்தது. சில வருஷங்களில் அப்பாவுக்கு உட்கார்ந்தால் எழ முடியாமல் போய், அவரும் அதில் நின்றுதான் வேலை செய்தார். அதைப் பற்றி யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நான் மதுரைக்குப் படிக்கப் போனபின் கொட்டகையைப் பிரித்தார்கள். பெஞ்சு எங்கே போனதென்று தெரியாது. ஃபாக்டரி அடுப்பில் போனது என்றார்கள். நாங்கு மரம் நன்றாகத்தான் எரிந்திருக்கும்.

நான் கணக்கு வாத்தியார் ஆனேன். வேலையிலிருந்த காலமெல்லாம், சுழற்சியின் திசை பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதைச் சொல்லிக்கொடுக்க இந்தக் கதையைத்தான் சொன்னேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு கல்யாணத்தையே காப்பாற்றிய கணக்கு என்று முடிப்பேன். அந்தக் கதையை வைத்துக்கொண்டு நான் நல்ல வாத்தியார் என்று பெயரெடுத்தேன் என்றே சொல்லலாம்.

மாமா இறந்து இரண்டாவது வருஷம் அக்காவைப் பார்க்க ஏலப்பாறை போயிருந்தேன். வாசலில் வெயிலில் உட்கார்ந்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேரன் பேத்திகள் சுற்றி இருந்தார்கள். நான் வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தேன். அத்தை பெஞ்சுக்கடியில் புகுந்ததை நடித்தும் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஓடினார்கள்.

அக்கா மிளகைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அத்தையக் கூட்டிக்கிட்டுப் போயி அந்தப் பிடியத் திருகச் சொன்னது நான்தானடா."

"ஆமா. நீ பாவம், தெரியாம..."

"தெரியாம இல்ல."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வைசு இருந்துச்சு. நல்லாச் சுத்தறதக் காட்டியிருக்கலாம்ல? கோடியில இருந்ததுக்கு ஏன் இழுத்துக்கிட்டுப் போனேன்? அத்தை அதப் பாத்தா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதா? வேற வழியே இல்லாம, கடைசியா அதுதான் தோணுச்சு."

"மாமா உன்ன..."

"அவுக நல்லவுகடா. ஒரு நாளு கை ஓங்குனதில்ல. அதில்ல. எனக்கு அம்மை போட்டு அம்மாகூடத் தொடக்கூடாதுன்னு வச்சிருந்தப்ப, வேப்பெலைய வச்சுத் தடவிக்கிட்டு ராப்பகலாக் கூட இருந்தது அவுகதான். அப்பனாட்டம் நெனச்சுத்தான் நான் வளந்தேன். அவுகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவுகளயும் யாரும் கேக்கல."

"நீ ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் வாயையே திறந்திருக்க மாட்டேனே."

"நீ சின்னப் பய. உன்கிட்ட என்னன்னு சொல்ல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வகுப்பு வகுப்பாகச் சொல்லிச் சிரிக்கவைத்த கதையில், ஒருத்தி செய்த ஒரே முயற்சியை நான் முறித்திருக்கிறேன். திருகை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், அக்கா நின்ற இடத்திலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கொட்டிய குடத்தைப் பார்த்தேன், அமைதியான முகத்தைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி. சின்னப் பிள்ளை என்பது அந்த நாளுக்கு வேண்டுமானால் சமாதானம். பிறகு வந்த இத்தனை வருஷங்களுக்கு எனக்குச் சமாதானம் இல்லை.

கேட்க வேண்டிய காலத்தில் யாரும் கேட்காததைக் கேட்டேன்.

"கல்யாணம் நின்னுருந்தா என்னக்கா பண்ணணும்னு நெனச்சிருந்த?"

அவள் கையை நிறுத்திவிட்டு யோசித்தாள். என் மனசு ஆறட்டும் என்று எதையாவது சொல்லிவிடவில்லை. உண்மையாகவே யோசித்தாள்.

"வேணாங்கிறது வரைக்குந்தான்டா நெனச்சிருந்தேன். அடுத்தது என்னன்னு நெனைக்கிறதுக்குள்ள நீ அடியில இருந்து கத்திட்ட."